லூமுட் டாக்யார்டில் தேங்கிய ஆறு கப்பல்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

2017 ஆகஸ்ட் மாதம் மலேசியாவின் லூமுட் டாக்யார்டில் ஒரு போர்க்கப்பலுக்குப் பெயர் சூட்டினார்கள். மகாராஜா லேலா என்று பெயர். 1875-இல் பாசிர் சாலாக்கில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் பர்ச் கொல்லப்பட்டதோடு சேர்த்துப் பேசப்படும் பேராக் பிரமுகர் அவர். பத்திரிகைப் படங்களில் கப்பல் முழுசாகத்தான் தெரிந்தது. ஐந்து ஆண்டு கழித்து, 2022 ஆகஸ்ட் 4-ஆம் தேதி நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. அந்தக் கப்பலும் சரி, அதே வகையில் கட்டவிருந்த மற்ற ஐந்தும் சரி, ஒன்றுகூட அதுவரை கடற்படையின் கைக்கு வரவில்லை. ஆனால் ஒப்பந்தத் தொகையில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 608 கோடி ரிங்கிட், கொடுத்து முடித்தாயிற்று.

எங்கள் ஊர் ஆயர் தாவார். இங்கிருந்து மோட்டாரில் கிளம்பினால் சித்தியவானைத் தாண்டி முக்கால் மணி நேரத்துக்குள் லூமுட். சுற்றிலும் செம்பனை. தோட்டத்து லயத்தில் பிறந்து, குலை வெட்டப் போகாமல் வெல்டிங், பெயிண்டிங், ஒயரிங் கற்றுக்கொண்டு டாக்யார்டுக்குள் போன பிள்ளைகள் இந்தப் பக்கம் நிறைய. கடற்படையில் சேர்ந்து பென்ஷன் வாங்கியவர்களும் உண்டு. ஆகவே எல்சிஎஸ் எனப்படும் இந்தக் கடலோரப் போர்க்கப்பல் விவகாரம் எங்களுக்குக் கோலாலம்பூர்ச் செய்தி அல்ல. ஒட்டுக்கடையில் தே தாரேக் ஆறுவதற்குள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விவாதித்த விஷயம்.

அந்த விவாதம் பெரும்பாலும் 'யார் தின்றார்கள்' என்பதிலேயே நின்றுவிடும். அது தேவையான கேள்விதான், நீதிமன்றம் வரை போன கேள்வியும்கூட. ஆனால் யாருமே ஒரு காசு தின்னவில்லை என்று வைத்துக்கொண்டாலும் இந்தத் திட்டம் இடறியிருக்கும் என்பது என் கணிப்பு. சிறிய பட்ஜெட் வைத்திருக்கும் ஒரு படை, பணம் குறையும்போது எதை வெட்டுகிறது, எதை வெட்டாமல் வைத்துக்கொள்கிறது என்ற பழக்கத்தில் காரணம் இருக்கிறது. மலேசியக் கடற்படை விஷயத்தில் அந்தப் பழக்கம் எல்சிஎஸ்ஸுக்கும் முந்தியது. அதனால் கதையை 1998-லிருந்து சொல்ல வேண்டும்.

இருபத்தேழு என்று தொடங்கி ஆறில் நின்றது

1990-களில் கடற்படை புதிய தலைமுறை ரோந்துக் கப்பல்கள் 27 வேண்டும் என்று திட்டமிட்டது. ஜெர்மானிய மெக்கோ 100 வடிவம். முதல் கட்டமாக ஆறு கப்பலுக்கு 1998-இல் ஒப்பந்தம் ஆனது, விலை 535 கோடி ரிங்கிட். காலத்தைக் கவனியுங்கள். 1997-இல் ஆசிய நிதி நெருக்கடி. அதற்கு முன் ஒரு டாலருக்கு இரண்டரை ரிங்கிட் என்றிருந்தது, 1998 செப்டம்பரில் 3.80 என்று கட்டிப்போடப்பட்டது. கப்பலின் இரும்பை இங்கே வெட்டலாம், வளைக்கலாம். இயந்திரம், ரேடார், பீரங்கி, கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் வெளிநாட்டுப் பணத்தில் வாங்க வேண்டியவை. ரிங்கிட்டில் ஒதுக்கிய பட்ஜெட் உள்ளூரிலேயே இருந்தபடி இளைத்துப் போனது.

இளைத்த பணத்தில் ஆறு கப்பலையும் கட்டுவதற்கு ஒரு வழி கண்டார்கள். வேறு கப்பலைத் தாக்கும் ஏவுகணைக்கும், வானிலிருந்து வரும் ஏவுகணையைத் தடுக்கும் ஏவுகணைக்கும் தளத்தில் இடம் விட்டார்கள். ஏவுகணையை வாங்கவில்லை. பிறகு பணம் வரும்போது பொருத்திக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. ஆறில் முதலாவதான கேடி கெடா ('கேடி' என்பது மலேசியக் கடற்படைக் கப்பல்களின் பெயருக்கு முன் வரும் அடைமொழி) 2006-இல் படையில் சேர்ந்தது, கடைசிக் கப்பல் 2010 வாக்கில் வந்தது. 'பிறகு' என்று சொன்ன அந்த நாள் வரவே இல்லை. 91 மீட்டர் நீளக் கப்பல், முன்னால் 76 மில்லிமீட்டர் பீரங்கி, பின்னால் ஹெலிகாப்டர் இறங்க மேடை, நடுவில் ஏவுகணைக்குக் காலி இடம். மீன்பிடிக் கொள்ளையனை விரட்ட இது போதும். ஏவுகணை ஏந்திய ஒரு எதிரிக் கப்பலின் முன் போய் நிற்க முடியாது.

பணம் கொடுத்த விதம் இன்னொரு பாடம். கட்டிய நிறுவனம் தடுமாறியது, 2005-இல் பௌஸ்டெட் குழுமம் அதை எடுத்துக்கொண்டது. 2006-ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கைப்படி, நிறுவனத்துக்குக் கொடுத்தது 426 கோடி, நடந்த வேலையின் மதிப்பு 287 கோடி. ஆறு கப்பலின் மொத்த விலை 675 கோடிக்குப் போனது. மீதி 21 கப்பல் காகிதத்தோடு சரி.

எங்கள் தாமானில் கடற்படையில் வாரண்ட் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். 'வாரண்ட் மாமா' என்றுதான் ஊரே கூப்பிடும். கெடா வகைக் கப்பலில் இருந்தவர். குறை சொல்லி வாய் திறக்க மாட்டார். நான் வற்புறுத்திக் கேட்டபோது இவ்வளவுதான் சொன்னார்:

"நல்ல கப்பல், தம்பி. கடல் தாங்கும், மெஷின் நல்லா ஓடும். ஆனா பயிற்சியில 'மிசைல் ஃபயர்'னு வாயால சொல்லுவோம். அவ்வளவுதான் மிசைல்."

ஏன் ஏவுகணையை வெட்டினார்கள், கப்பலை வெட்டவில்லை? எட்டு பேர் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி இல்லை இது. கப்பலின் எண்ணிக்கை பட்ஜெட் உரையில் வரும், பெயர் சூட்டு விழா நடக்கும், டாக்யார்டில் வேலை கிடைக்கும். ஏவுகணை இல்லாதது நாற்பது பேருக்குத்தான் தெரியும், அவர்களும் யூனிஃபார்ம் போட்டவர்கள், வெளியே பேச மாட்டார்கள். நான்கு கப்பல் மட்டும் கட்டி, நான்கிலும் ஏவுகணை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எந்த அமைச்சரும் நாடாளுமன்றத்தில் கேட்டு நான் வாசித்ததில்லை.

ஆறுக்கு 900 கோடி

எல்சிஎஸ் வந்தது கெடா வகையின் ஓட்டையை அடைக்கத்தான். இந்த முறை இடம் மட்டும் விடுவதில்லை. ஏவுகணை, நீர்மூழ்கியைத் தேடும் சோனார், டார்பிடோ எல்லாம் இருக்கும் 111 மீட்டர், 3,100 டன் போர்க்கப்பல். 2011 கடைசியில் பௌஸ்டெட் கப்பல் கட்டும் நிறுவனத்துக்கு நேரடிப் பேச்சு வழியாகத் திட்டம் போனது, திறந்த டெண்டர் இல்லை. உச்சவரம்பு 900 கோடி. 2014-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. முதல் கப்பல் 2019-இல், ஆறாவது 2023-இல் வர வேண்டும்.

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. கடற்படை கேட்டது டச்சு நிறுவனத்தின் சிக்மா வடிவம். கிடைத்தது பிரெஞ்சு நிறுவனத்தின் கோவின்ட் வடிவம். அப்போதைய கடற்படைத் தளபதி ஆட்சேபித்துக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதியது பொதுக் கணக்குக் குழுவின் அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. கோவின்ட் மோசமான வடிவம் என்று சொல்ல வரவில்லை. எகிப்து அதே 2014-இல் கோவின்ட் வகையில் நான்கு கப்பலுக்கு ஒப்பந்தம் போட்டது. முதல் கப்பல் பிரான்சின் லோரியான் டாக்யார்டிலேயே கட்டப்பட்டு 2017-இல் எகிப்தின் கைக்கு வந்துவிட்டது. மற்ற மூன்றை அலெக்சாந்திரியாவில் கட்டினார்கள். சிங்கப்பூரும் இதே வழியில் போன நாடு. 2000-இல் ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பல் ஆறுக்கு பிரெஞ்சு நிறுவனத்தோடு ஒப்பந்தம், முதலாவது லோரியானில், மீதி ஐந்தும் சிங்கப்பூரில். 2007-க்கும் 2009-க்கும் இடையில் ஆறும் படையில் சேர்ந்துவிட்டன.

லூமுட்டில் முதல் கப்பலிலிருந்தே நாமே கட்டுவோம் என்று முடிவு. வடிவமைத்தவனின் டாக்யார்டில் முதல் கப்பலைக் கட்டினால், வரைபடத்தில் இருக்கும் தப்பெல்லாம் அவன் தலையில் விழும், அவன் காசில் திருத்துவான். நம் ஆட்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டு வரலாம். அந்தச் செலவு வெட்டப்பட்டது. 'உள்நாட்டுத் தொழில் வளர்ச்சி' என்ற பெயரில் வெட்டியதால் அது வெட்டாகவே யாருக்கும் தெரியவில்லை. முழு விவர வடிவமைப்பு முடிவதற்கு முன்பே இரும்பை வெட்டத் தொடங்கியாயிற்று. பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு போன பிறகும் வடிவமைப்பு முழுமையாகவில்லை என்று அறிக்கை சொன்னபோது, கட்டுமானத் தொழிலில் இருக்கும் யாருக்கும் வயிறு கலங்கியிருக்கும்.

டாக்யார்டில் ஒரு துணைக் குத்தகைக்காரரிடம் வெல்டராக இருந்த பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன் இதை வாரண்ட் மாமாவிடம் விளக்கியது எனக்கு எந்த அறிக்கையையும்விடத் தெளிவாக இருந்தது.

"மாமா, கப்பல் உடம்பு நின்னுட்டா கப்பல் முடிஞ்சிருச்சுன்னு வெளிய இருக்கறவங்க நினைக்கறாங்க. உள்ள போய்ப் பாருங்க. பைப் எந்த வழியா போகணும்னு டிராயிங் வரல. நாங்க ஒரு சுவரை வெல்ட் பண்ணி மூடுவோம். ரெண்டு மாசம் கழிச்சு டிராயிங் வரும், அந்தச் சுவரை வெட்டச் சொல்லுவாங்க. வெட்டுவோம். திரும்ப மூடுவோம்."

"அப்ப சம்பளம்?"

"வெட்டினதுக்கும் உண்டு, மூடினதுக்கும் உண்டு, மாமா. வர்ற வரைக்கும் வந்துச்சு. அப்புறம் நின்னுபோச்சு."

மூன்று பணப் பிரச்சினைகள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தன. 2014 முடிவில் எண்ணெய் விலை சரிந்தது, ரிங்கிட்டும் கூடவே சரிந்தது. 2016 ஜனவரியில் அரசு பட்ஜெட்டையே திருத்தி எழுதியது. எல்சிஎஸ்ஸுக்கான பாகங்களின் விலை யூரோவில் இருந்தது. இரண்டாவது, நிறுவனத்துக்கு வந்த பணத்தில் ஒரு கணிசமான தொகை பழைய கெடா வகைத் திட்டத்தின் கடனை அடைக்கப் போனது. 1998-இல் தொடங்கிய ஓட்டையை 2014-இன் பணம் அடைத்துக்கொண்டிருந்தது. மூன்றாவது, கப்பலுக்கு முன்பாகவே கருவிகள் வந்து கிடங்கில் உட்கார்ந்தன. அவற்றில் சுமார் 15 சதவீதம் காலாவதியாகிவிட்டதாகக் குழு கணக்கிட்டது. எந்தக் கணினியும் எந்த மின்கருவியும் கப்பலுக்காகக் காத்திருந்து இளமையாக இருக்காது.

ஏவுகணை விஷயத்தில் இந்த முறை முன்னெச்சரிக்கையாக இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கப்பல் எதிர்ப்புக்கு நார்வேயின் என்எஸ்எம் 2018-இலேயே ஒப்பந்தமானது. கெடா வகையில் கப்பல் இருந்தது, ஏவுகணை இல்லை. எல்சிஎஸ்ஸில் ஏவுகணைக்கு ஒப்பந்தம் இருந்தது, கப்பல் இல்லை.

சிப்பாயின் சேமிப்பும் செம்பனையும்

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கதையில் ஒரு கூடுதல் முடிச்சு இருக்கிறது. பௌஸ்டெட் என்ற பெயரைக் கப்பலோடு சேர்த்து முதலில் கேட்டபோது பெரியவர்கள் பலர், "தோட்டக் கம்பெனிக்குக் கப்பல்ல என்ன வேலை?" என்றார்கள். 1828-இல் சிங்கப்பூரில் எட்வர்ட் பௌஸ்டெட் தொடங்கிய வணிக நிறுவனம் அது. ரப்பர் காலத்திலிருந்து கெடாவிலும் ஜொகூரிலும் தோட்டம் வைத்திருந்தது. தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய தோட்டங்கள்.

அதன் பெரும்பங்கு எல்டிஏடி எனப்படும் ஆயுதப்படை நிதி வாரியத்திடம் இருந்தது. 1972-இல் உருவான அந்த வாரியத்தில், ஆபீசர் அல்லாத எல்லாப் படைவீரரும் கட்டாயம் சேர வேண்டும். சம்பளத்தில் 10 சதவீதம் அவர்கள் பங்கு, 15 சதவீதம் அரசின் பங்கு. ஆக, கோப்ரல் சம்பளத்தில் பிடித்த பணம் வாரியத்துக்கு, வாரியத்தின் பணம் பௌஸ்டெட்டுக்கு, பௌஸ்டெட்டின் ஒரு கை செம்பனை நடுகிறது, மறு கை கடற்படைக்குக் கப்பல் கட்டுகிறது. தற்காப்பு பட்ஜெட் நெருக்கடியில் மாட்டினால், அதே படைவீரனின் சேமிப்பும் அதே வாசலில் மாட்டுகிறது. 2018-க்கு எல்டிஏடி அறிவித்த டிவிடெண்ட் 2 சதவீதம். அதற்கு முந்தைய ஆண்டுகளில் வந்ததோடு ஒப்பிட்டால் அடிமட்டம். முழுக்க எல்சிஎஸ்தான் காரணம் என்று சொல்வது நியாயமில்லை, வாரியத்தின் பல முதலீடுகள் அப்போது ஆட்டம் கண்டிருந்தன. ஆனால் திட்டத்தை ரத்து செய்தால் யாருக்கு அடி விழும் என்று அமைச்சரவை யோசித்த ஒவ்வொரு முறையும் இந்த முடிச்சு மேசைமேல் இருந்திருக்கும். ரத்து செய்ய முடியாத ஒரு குத்தகைக்காரரிடம் வேலை கொடுப்பது, பேரம் பேசும் உரிமையைக் கையெழுத்துப் போடும்போதே கொடுத்துவிடுவது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். 2023 ஆகஸ்டில் கேஎல்கே என்ற தோட்ட நிறுவனம், பௌஸ்டெட் குழுமத்தின் தோட்டக் கம்பெனியான பௌஸ்டெட் பிளான்டேஷன்ஸில் 33 சதவீதத்தைப் பங்குக்கு 1.55 ரிங்கிட் என்று சுமார் 115 கோடிக்கு வாங்க முன்வந்தது. எதிர்ப்புக் கிளம்பி அக்டோபரில் அந்தப் பேச்சு முறிந்தது. அந்த விலையில் முழுக் கம்பெனியும் ஏறக்குறைய 347 கோடி. தோட்டம், மில், நிலம் எல்லாம் சேர்த்து. 2022 வரை ஒரு கப்பலும் வராமல் கொடுத்த 608 கோடி, அதில் ஒன்றே முக்கால் மடங்கு.

பழையதை வைத்து ஓட்டுவது

புதியது வராதபோது பழையது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். செம்பனை தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மரத்துக்கு வயது 25 ஆனால் மறுநடவு செய்ய வேண்டும். செய்தால் மூன்று வருடம் அந்த நிலத்தில் வருமானம் இல்லை. விலை நன்றாக இருக்கும் வருடம் 'இப்போ வேண்டாம்' என்பார்கள், விலை விழுந்த வருடம் 'பணம் இல்லை' என்பார்கள். மரம் வளர்ந்துகொண்டே போகும், கோல் எட்டாது, குலை குறையும், வெட்ட ஆள் மறுப்பான். கணக்குப் புத்தகத்தில் மட்டும் ஏக்கர் குறையாமல் இருக்கும்.

கேடி பெண்டேக்கார் 1979-இல் ஸ்வீடன் கட்டிக் கொடுத்த தாக்குதல் படகு. 2024 ஆகஸ்ட் 25-இல் ஜொகூரின் தஞ்சோங் பென்யூசோப் அருகே நீருக்கடியில் எதிலோ மோதி, தண்ணீர் புகுந்து மூழ்கியது. 39 பேரும் பிழைத்தார்கள். வயதுதான் மூழ்கடித்தது என்று நான் சொல்ல மாட்டேன். புதுக் கப்பலும் பாறையில் மோதும். ஆனால் 45 வயதுக் கப்பல் ஏன் இன்னும் பணியில் இருந்தது என்பதற்கு லூமுட் தவிர வேறு பதில் இல்லை.

பழையது என்றாலும் ஒரே வகைப் பழையது என்றால் சமாளிக்கலாம். மலேசியக் கடற்படையில் ஸ்வீடன், பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன், இத்தாலி என்று ஆளுக்கொரு நாட்டில் வாங்கியது. இத்தாலியிலிருந்து வந்த லக்சமானா வகை நான்கும் முதலில் ஈராக்குக்காகக் கட்டியவை. ஒவ்வொன்றுக்கும் தனி உதிரிப்பாகம், தனிப் பயிற்சி, தனி மெக்கானிக். 2016 வாக்கில் கடற்படை '15-லிருந்து 5' என்று ஒரு திட்டம் போட்டது: பதினைந்து வகைக் கப்பலை ஐந்து வகையாகக் குறைப்பது. என்னைக் கேட்டால் மலேசியப் படைகளிலிருந்து வந்த மிகப் புத்திசாலித்தனமான சிக்கன யோசனை இதுதான். எண்ணிக்கையை விட்டுக்கொடுக்காமல் வகையை விட்டுக்கொடுப்பது. ஆனால் அந்த ஐந்து வகையில் ஒன்றே எல்சிஎஸ், அதுவும் 12 கப்பல். முதுகெலும்பே டாக்யார்டில் படுத்துக்கிடந்தது.

இடையில் சீனாவில் நான்கு கேரிஸ் வகைக் கப்பல் வாங்கினார்கள். இரண்டு சீனாவில், இரண்டு லூமுட்டில் என்று 117 கோடிக்குப் பேசியது, 2019-இல் நான்கும் சீனாவிலேயே என்று 105 கோடிக்கு மாறியது. நான்கும் வந்து சேர்ந்தன. ஆயுதம் கொஞ்சம்தான். சரவாக்கின் பெத்திங் பாத்திங்கி அலி கடற்பகுதியில் சீனக் கடலோரக் காவல் கப்பல்கள் வருடக் கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்க, அங்கே ரோந்து போவதற்குச் சீனாவிலேயே கட்டிய கப்பல். வாரண்ட் மாமா இதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். விலை சரி, கப்பல் கைக்கு வந்தது என்பதை அவரும் மறுக்கவில்லை.

வான்படையின் கதை வேறு புத்தகம், இங்கே இரண்டு வரி போதும். 2018 ஜூலையில் அன்றைய தற்காப்பு அமைச்சர் முகமட் சாபு, ரஷ்யப் போர்விமானங்கள் 28-இல் நான்குதான் பறக்கும் நிலையில் இருக்கின்றன என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். அந்த 28-இல் பத்து மிக்-29, ஏற்கெனவே ஒதுக்கி வைத்தவை, ஆகவே எண்ணிக்கை பார்ப்பதற்கு இன்னும் பயங்கரமாகத் தெரிந்தது. ஆனால் வாங்கும்போது பணம் இருந்தது, பராமரிக்கும்போது இல்லை என்பது அங்கேயும் அதே பழக்கம். 1980-களில் அமெரிக்காவிலிருந்து 88 பழைய ஸ்கைஹாக் வாங்கி 40 மட்டும் பறக்கவிட்ட அனுபவம் நாட்டுக்கு உண்டு. 2025 ஆகஸ்டில் பழைய பிளாக்ஹாக் ஹெலிகாப்டர் பேச்சு வந்தபோது பேரரசர் சுல்தான் இப்ராகிம் அதைத்தான் எடுத்துச் சொல்லிக் கடிந்துகொண்டார்.

ஆறு ஐந்தானபோது

2023 மே மாதம் புதிய துணை ஒப்பந்தம். கப்பல் ஆறுக்குப் பதில் ஐந்து, விலை 1,122 கோடி. ஒரு கப்பலுக்கு 150 கோடி என்று தொடங்கியது சுமார் 224 கோடியானது, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அரசு டாக்யார்டைத் தானே எடுத்துக்கொண்டது, பெயர் லூமுட் நேவல் ஷிப்யார்ட் என்று மாறியது. மகாராஜா லேலா 2024 மே மாதம் தண்ணீரில் இறங்கியது.

ஐந்து என்பது ஆறைவிட ஒன்று குறைவு என்றுதான் பத்திரிகைகள் எழுதின. கடற்படைக்காரன் எண்ணுவது வேறு மாதிரி. மூன்று கப்பல் இருந்தால் ஒன்று பழுது பார்க்கும் இடத்தில், ஒன்று பயிற்சியில், ஒன்று கடலில். ஆறு இருந்தால் எப்போதும் இரண்டு கடலில் இருக்கும்: தீபகற்பத்துக்கு ஒன்று, சபா சரவாக்குக்கு ஒன்று. நடுவில் தென்சீனக் கடல். ஐந்து என்றால் சில மாதங்களில் ஒரே கப்பல்தான் இரண்டு பக்கத்துக்கும். 2021 மே 31-இல் சீனப் படையின் 16 விமானங்கள் சரவாக் பக்கம் நெருங்கி வந்தபோது லாபுவானிலிருந்து ஹாக் விமானங்களை அனுப்ப வேண்டியிருந்தது. 2013-இல் லஹாட் டத்துவில் ஆயுதக் கும்பல் இறங்கிய பிறகு சபாவின் கிழக்குக் கரைக்கும் காவல் கூடியது. ஒரே கப்பலை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று முடிவெடுக்கும் ஆபீசரின் இடத்தில் நான் இருக்க விரும்பவில்லை.

ஆறாவதை விட்டது தவறா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏவுகணையை விட்டு ஆறு கப்பலை வைத்துக்கொள்வதைவிட இது நேர்மையான வெட்டு. 1998-இல் செய்யாததை 2023-இல் செய்திருக்கிறார்கள். என் கவலை அடுத்த வெட்டைப் பற்றியது. 2025-க்குத் தற்காப்புக்கு ஒதுக்கியது சுமார் 2,100 கோடி ரிங்கிட், நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதம் அளவு. சிங்கப்பூர் மூன்று சதவீதத்தை ஒட்டிச் செலவு செய்கிறது. நம் பணத்தில் பாதிக்கு மேல் சம்பளத்துக்கும் அன்றாட ஓட்டத்துக்கும் போய்விடும். அதில் கை வைக்க எந்த அரசியல்வாதிக்கும் தைரியம் இல்லை, கை வைக்கவும் கூடாது. மிச்சத்தில் துருக்கியோடு 2024-இல் ஒப்பந்தமான மூன்று கப்பல், கொரியாவிலிருந்து வரவிருக்கும் எஃப்ஏ-50 விமானங்கள், இந்த ஐந்து எல்சிஎஸ் எல்லாம் அடுத்தடுத்து வந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் உதிரிப்பாகம் வேண்டும், டீசல் வேண்டும், பயிற்சிக்குச் சுட ஏவுகணை வேண்டும். ஓட்டச் செலவு கூடாமல் கப்பல் எண்ணிக்கை மட்டும் கூடினால், பத்து வருடத்தில் கெடா வகையின் கதை வேறு உருவத்தில் திரும்பும்.

அந்த ஓட்டச் செலவில் எந்தக் கணக்காய்வாளரும் எழுதாத ஒரு வரி, ஆள். வேலை நின்றிருந்த வருடங்களில் எங்கள் பக்கத்து வெல்டர்கள் சும்மா இருக்கவில்லை. சிலர் ஜொகூரின் பெங்கெராங் போனார்கள், நிறையப் பேர் சிங்கப்பூர் போனார்கள். போர்க்கப்பல் வெல்டிங் என்பது கேட் செய்கிற வெல்டிங் இல்லை, எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். ஒருவன் கை பழக வருடங்கள் ஆகும். தீபாவளிக்கு வந்திருந்த அந்தத் தம்பியிடம் வாரண்ட் மாமா கேட்டார்:

"லூமுட்ல திரும்ப ஆள் எடுக்கறாங்களாமே, நீ வரலையா?"

"கூப்பிட்டாங்க, மாமா. இங்க ஒரு நாளைக்குக் குடுக்கறதா சொன்னது நூத்தி இருபது வெள்ளி. அங்கயும் கிட்டத்தட்ட அதே நம்பர்தான், ஆனா சிங்கப்பூர் வெள்ளி. ஒண்ணுக்கு மூணுக்கு மேல வருது."

"அதுவும் சரிதான். அங்க என்ன வேலை?"

"கப்பல்தான், மாமா."